காந்தம் இதயத்தைக் குணப்படுத்துமா?

மார்பின்மேல் ஒரு கம்பிச்சுருளை வைத்துத் துடிப்பு மின்னோட்டம் செலுத்தினால் இதயத் தசையின் அழற்சி தணியும் என்று ஒருவர் கூறுவதாக வைத்துக்கொள்வோம். "மருந்தை நிறுத்த வேண்டாம், இது துணைச் சிகிச்சைதான்" என்றும் அவர் சொல்கிறார். இயற்பியல் படிக்கும் நீங்கள் என்ன விடை கூறுவீர்கள்?

"எல்லாம் ஏமாற்று" என்று உடனே தள்ளிவிடுவது அறிவியல் ஆகாது. மாறும் காந்தப்புலம் கடத்தியில் மின்னோட்டத்தைத் தூண்டும் என்பதை 1831இல் ஃபாரடே காட்டினார். உப்புக் கரைசல் நிறைந்த நம் உடலும் ஒரு கடத்தியே. ஒன்றுசேராத எலும்பு முறிவுகளுக்குத் துடிப்பு மின்காந்தப் புலத்தைப் பயன்படுத்த 1979இல் அமெரிக்க அரசின் உணவு, மருந்து நிர்வாகம் அனுமதி வழங்கியது. 1985இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் ஆன்டனி பார்க்கரும் அவர் குழுவினரும், தலைக்கு வெளியே வைத்த சுருளைக் கொண்டே மூளையைத் தூண்டிக் கைத்தசையை அசைய வைத்தனர். ஆகவே மின்காந்தப் புலம் உடலைப் பாதிக்கக்கூடும் என்பது உண்மையே.

ஆனால், "இரத்தத்தில் இரும்பு இருக்கிறது, அதைக் காந்தம் இழுக்கிறது" என்று யாரேனும் விளக்கம் கூறினால் நம்பாதீர்கள். ஹீமோகுளோபினில் உள்ள இரும்பு, ஆணியில் உள்ள இரும்பைப் போன்றதன்று. ஆக்சிஜன் ஏற்ற இரத்தத்தைக் காந்தம் மிக மிகச் சிறிதளவு விலக்கவே செய்கிறது. எம்.ஆர்.ஐ. கருவியின் புலம் பொதுவாக 1.5 டெஸ்லா, பூமியின் புலத்தைப்போல் ஏறத்தாழ 30,000 மடங்கு! இதய அழற்சியைக் கண்டறியவும் இக்கருவி பயன்படுகிறது. அதற்குள் படுத்து எழுந்தவருக்கு அழற்சி நீங்கிவிடுவதில்லை; படம்தான் கிடைக்கிறது.

மயோகார்டைட்டிஸ் என்று மருத்துவர்கள் கூறும் இந்நோய் பெரும்பாலும் வைரஸ் தொற்றினால் வருவது. பலருக்கு ஓய்வினாலும் மருத்துவக் கவனிப்பினாலும் தானே குணமாகிவிடும். சிலருக்கோ இதயத் துடிப்பு தாறுமாறாகி உயிருக்கே ஆபத்து நேரும். இங்கேதான் சிக்கல் இருக்கிறது. மருந்து, ஓய்வு, காந்தச் சுருள் மூன்றும் ஒன்றாக நடந்தன, நோயாளி குணமடைந்தார். பெருமை எதற்குச் சேரும்? காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாகவும் இருக்கலாம் அல்லவா?

இதைப் பிரித்தறியும் வழி 1784இலேயே பாரிஸில் கையாளப்பட்டது. மெஸ்மர் என்பவர் பரப்பிய "உயிர்க் காந்தம்" என்ற சிகிச்சையை ஆராய மன்னர் பதினாறாம் லூயி ஒரு குழுவை அமைத்தார். பெஞ்சமின் ஃபிராங்க்ளினும் லவாய்சியரும் அதில் இருந்தனர். ஃபிராங்க்ளினின் தோட்டத்தில் ஒரே ஒரு மரத்துக்குக் "காந்தம் ஏற்றினர்". பிறகு ஒரு சிறுவனைக் கண்ணைக் கட்டி மரம் மரமாக அழைத்துச் சென்றனர். காந்தம் ஏற்றாத வேறொரு மரத்தடியிலேயே அவன் மயங்கி விழுந்தான்! வேலை செய்தது காந்தமன்று, அவன் எதிர்பார்ப்பே என்பது விளங்கிற்று.

இதே சோதனையை இன்று இன்னும் எளிதாகச் செய்யலாம். போலி மாத்திரை தயாரிக்க வேண்டுமானால் நிறமும் சுவையும் ஒத்திருக்க வேண்டும். வலிமை குறைந்த காந்தப்புலத்தையோ கண் காணாது, தோல் உணராது. நோயாளிகளில் பாதிப் பேருக்குச் சுருளில் மின்னோட்டத்தைத் துண்டித்துவிட்டால் போதும். யாருக்குத் துண்டிக்கப்பட்டது என்பது நோயாளிக்கும் தெரியக் கூடாது, அவரைச் சோதிக்கும் மருத்துவருக்கும் தெரியக் கூடாது. இவ்வளவு எளிய சோதனையில் தேறாமல் ஒரு கருவியை விற்பது முறையன்று என்பதே என் கருத்து. செல்களிலும் விலங்குகளிலும் நடந்த ஆய்வுகள் ஆராயத் தூண்டலாம். அவையே சிகிச்சை ஆகிவிடா. மனிதரின் இதய அழற்சிக்கு இப்புலம் நிறுவப்பட்ட சிகிச்சை அன்று.

"துணைதானே, தீங்கென்ன?" என்பீர்கள். காசு போவது ஒரு புறம் இருக்கட்டும். இந்நோயாளிகள் மாதக்கணக்கில் கடும் உடற்பயிற்சியைத் தவிர்க்க வேண்டும். சுருள் தந்த போலித் துணிச்சலில் ஒரு மாணவன் விளையாட்டுத் திடலுக்கு ஓடினால் என்ன ஆகும்? பேஸ்மேக்கர் பொருத்தியவருக்கோ வலிய காந்தம் அருகில் வந்தாலே அதன் இயக்கம் மாறிவிடும்.

ஆகவே, காய்ச்சலுக்குப் பின் மார்பு வலியோ மூச்சுத் திணறலோ படபடப்போ வந்தால் உடனே மருத்துவரிடம் செல்லுங்கள். கருவி விற்பவர் வந்தால் அவரோடு சண்டையிட வேண்டாம். "மின்னோட்டம் இல்லாத சுருளோடு ஒப்பிட்டுப் பார்த்தீர்களா?" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். அதற்கு அவர் தரும் விடையிலிருந்தே அக்கருவியின் தகுதியை நீங்கள் அறிந்துகொள்ளலாம்.