லோகோ அப்படியே இருக்கு, சேர்ட்தான் போயிட்டு

பெரகல, ஹப்புத்தளை, பண்டாரவளைப் பக்கத்து உறவுகளே,

சின்ன விஷயம்தான். ஆனால் நமது பிள்ளைகளின் சம்பளத்தில் கை வைக்கிற விஷயம் என்பதால் எழுதுகிறோம்.

எங்களிடம் படித்த மாணவன் ஒருவன் இப்போது ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை செய்கிறான். சேர்ந்தவுடன் நெஞ்சில் கடையின் பெயர் எம்ப்ரொய்டரி செய்த இரண்டு டீசேர்ட் கொடுத்தார்கள். காசை முதல் மாதச் சம்பளத்தில் கழித்தார்கள். நான்கு மாதம் போகவில்லை, எழுத்தைச் சுற்றித் துணி சுருங்கி, ஓரத்தில் பிய்ந்துவிட்டது. புதிதாக இரண்டு கொடுத்து மறுபடியும் கழித்தார்கள். கேட்டபோது சிரித்துக்கொண்டே சொன்னான்: "சேர், லோகோ அப்படியே இருக்கு, சேர்ட்தான் போயிட்டு."

அவன் சொன்னதுதான் சரியான கணக்கு. எம்ப்ரொய்டரி லோகோ என்றால் காலத்துக்கும் இருக்கும் என்று நினைக்கிறோம். நூல் இருக்கும், துணி இருக்குமா என்று யாரும் கேட்பதில்லை. நெஞ்சுப் பக்கம் உள்ளங்கையளவு லோகோவுக்கு மெஷின் சுமார் 5,000 முதல் 10,000 தையல் போடுகிறது. ஒவ்வொரு தையலும் துணியில் ஒரு துளை. மெல்லிய துணியில் நெருக்கமாகத் தைத்தால், முத்திரைத் தாளின் ஓரத்தைத் துளை போட்டு வைத்தது மாதிரித்தான். இரண்டு தடவை இழுத்துப் பிழிந்தால் அந்த வழியே கிழியும்.

இதற்குத்தான் உள்பக்கம் தாங்குதுணி வைக்கிறார்கள். தைத்த பிறகு கிழித்து எடுக்கிற தாள் மாதிரியான ஒன்று உண்டு. ஓரத்தைக் கத்தரித்துவிட்டு மீதியை உள்ளேயே விடுகிற வகையும் உண்டு. டீசேர்ட் மாதிரி இழுபடும் துணிக்கு இரண்டாவது வகைதான் தேவை. விலையைக் குறைக்கச் சொன்னால் கடைக்காரர் முதலில் குறைப்பது இதைத்தான். வெளியே பார்த்தால் தெரியாதல்லவா?

அடுத்தது நூல். ரேயோன் நூல் நல்ல பளபளப்பு. ஆனால் நனைந்தால் அதன் பலம் குறையும், பிளீச் பட்டால் நிறம் போய்விடும். பொலியெஸ்டர் நூல் இரண்டையும் தாங்கும். நமது ஊரைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. ஐப்பசி, கார்த்திகையில் மூடுபனி இறங்கினால் உடுப்புக் காய மூன்று நாள் ஆகும். ஈரத்தோடு அடுப்புக்கு மேல் தொங்கவிடுவோம், இல்லாவிட்டால் அயனை முழுச் சூட்டில் வைத்து அழுத்துவோம். அந்தச் சூடு நேரே பட்டால் பொலியெஸ்டர் நூலும் இளகிவிடும். சேர்ட்டை உள்பக்கம் திருப்பி, மேலே ஒரு துணி போட்டு அயன் பண்ணுவது நல்லது.

பிரிண்ட் அடித்தால் மலிவுதானே என்று கேட்கலாம். ஒரு நாள் ஊர்வலத்துக்கு, விளையாட்டுப் போட்டிக்கு அது போதும். சூட்டில் ஒட்டுகிற லோகோ தினமும் தோய்த்து அயன் பண்ணினால் வெடித்து உரியும். தினசரி வேலைக்கு எம்ப்ரொய்டரிதான் நல்லது. ஆனால் அதைத் தாங்குகிற துணி வேண்டும். கஃபாவின் கிஸ்வாவைப் பாருங்கள். பொன் முலாம் பூசிய வெள்ளி இழையால் எழுதுகிறார்கள். எழுத்துக்கு அடியில் பஞ்சு நூல் நிரப்பி, தடித்த பட்டில் தைக்கிறார்கள். இழைக்குக் கொடுக்கும் கவனத்தை அடித்துணிக்கும் கொடுக்கிறார்கள்.

எங்களுக்கு மனவருத்தம் வேறொன்றில். 1992இல் ஜனாதிபதி பிரேமதாசவின் அரசாங்கம் 200 ஆடைத் தொழிற்சாலைத் திட்டத்தைத் தொடங்கியது. கிராமப்புறத்துக்கும் கார்மென்ட் வந்தது. நமது தாய்மாரும் சகோதரிகளும் எத்தனையோ பேர் அங்கே தைத்தவர்கள், இன்றும் தைக்கிறவர்கள். வெளிநாட்டுக் கம்பெனிக்குப் போகும் துணியைத் தோய்த்துப் பார்த்து, சாயம் இறங்குகிறதா என்று 1 முதல் 5 வரை புள்ளி போடுகிறார்கள். அதற்குச் சர்வதேச விதிகள் இருக்கின்றன. கடல் கடந்து போகும் சேர்ட்டுக்கு இத்தனை சோதனை. பெரகல சந்தியில் நிற்கும் நமது பிள்ளையின் சேர்ட்டை யார் ஒரு தடவை தோய்த்துப் பார்த்தார்கள்?

முதலாளிமாரை மட்டும் குறை சொல்லவில்லை. பாடசாலை விளையாட்டுப் போட்டிக்கு டீசேர்ட் செய்தபோது நாங்களும் விலையை மட்டும்தான் பார்த்தோம். பெற்றோர் தந்த காசு அது. வெள்ளைத் துணியில் சிவப்புச் சாயம் இறங்கிய பிறகுதான் விளங்கியது.

ஆகவே கடைக்காரர்கள், சங்கங்கள், பாடசாலைகள் எல்லோரிடமும் கேட்கிறோம். ஓர்டர் கொடுக்கும் முன் ஒரேயொரு சேர்ட்டை மாதிரிக்குத் தைத்து வாங்குங்கள். ஐந்து தடவை தோய்த்துக் காயவைத்துப் பாருங்கள். பிறகு முற்பணம் கொடுங்கள். பொலியெஸ்டர் நூலும் கத்தரிக்கிற தாங்குதுணியும் வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். லோகோவைச் சிறிதாக்குங்கள். அரை சென்ரிமீற்றருக்குக் குறைவான எழுத்து நூலில் வாசிக்க வராது. முடிந்தால் லோகோவைத் தனி பட்ஜாகச் செய்து தைத்துக் கொடுங்கள். சேர்ட் பழசானால் பிரித்து அடுத்ததில் தைக்கலாம். பாடசாலைக்கும் இது பொருந்தும். 1993 முதல் சீருடைத் துணியை அரசாங்கம் இலவசமாகத் தருகிறது. பட்ஜ் செலவு பெற்றோர் தலையில்தான். மூத்தவனின் பட்ஜ் இளையவனுக்குப் போகட்டுமே.

இன்னொன்று, கடையின் பெயரைச் சுமக்கிற உடுப்புக்குக் கடைதான் காசு கொடுக்க வேண்டும். அந்தப் பெயர் வேலை செய்கிற பிள்ளைக்கு விளம்பரம் இல்லை. தன் சம்பளத்தில்தான் கழிக்க வேண்டும் என்றிருந்தால், முதலாளி எந்த நூல், எந்தத் துணி என்று நிச்சயம் கேட்டிருப்பார்.

அந்த மாணவனின் உம்மா முன்பு கார்மென்ட்டில் தைத்தவர். பிய்ந்த சேர்ட்டிலிருந்து லோகோவைக் கத்தரித்து, ஓரம் மடித்து, அதே நிறத்தில் ஒரு தடித்த சேர்ட் வாங்கித் தைத்துக் கொடுத்தார். ஒரு வருடம் ஆகப்போகிறது. அல்ஹம்துலில்லாஹ், இன்னும் அதைத்தான் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறான்.