இறந்தகாலமும் பிரம்படியும்

நாங்கள் படித்த காலத்தில் ஆங்கிலப் பாடம் என்றால் கொப்பியில் மூன்று நிரல்கள் கீறவேண்டும். 'கோ, வென்ட், கோன்', 'பிரிங், பிரோட், பிரோட்' எனத் தேவாரம் ஓதுவதுபோல் ஒப்புவிப்போம். ஒரு நாள், பக்கத்து வாங்கில் இருந்த நண்பன் 'பிரிங்ட்' என்று சொல்லிவிட்டான். பிரம்படி விழுந்தது, வகுப்பே சிரித்தது. அதன்பின் அவன் ஆங்கிலத்தில் வாய் திறந்ததை நான் கண்டதில்லை. கணிதத்தில் எங்கள் எல்லோரையும் முந்தியவன், பின்னாளில் ஆங்கிலத்தில் நேர்முகப் பரீட்சை என்று அறிந்ததும் விண்ணப்பத்தையே கிழித்துப்போட்டான்.

அவன் செய்த குற்றம் என்ன? ஈற்றில் ஈ, டி ஆகிய எழுத்துகளைச் சேர்த்தால் இறந்தகாலம் கிடைக்கும் என்ற விதியைத் தானாகவே ஒரு சொல்லுக்குப் பொருத்திப் பார்த்தான். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட குழந்தைகளும் இதையே செய்கின்றனர். முதலில் கேட்டபடி சரியாகச் சொல்வர். விதியை உணர்ந்ததும் பிழைவிடுவர். கேட்டுக் கேட்டு மீண்டும் திருந்துவர். அந்தப் பிழை அறியாமையன்று, கற்றலின் அடையாளம்.

ஒழுங்கற்ற வினைகள் ஏன் நிலைத்திருக்கின்றன? மக்கள் நாள்தோறும் வழங்குவதால்தான். ஷேக்ஸ்பியர் காலத்தில் 'ஹெல்ப்' என்பதற்கு 'ஹோல்ப்' என்ற இறந்தகாலமும் இருந்தது. பின்னர் அது வழக்கொழிந்தது. பழைய ஆங்கிலத்தின் 177 ஒழுங்கற்ற வினைகளை ஆராய்ந்த ஹார்வர்ட் ஆய்வாளர்கள், அவற்றுள் 98 மட்டுமே இன்றும் அவ்வாறு உள்ளன என 2007 இல் 'நேச்சர்' இதழில் எழுதினர். குறைவாக வழங்கும் வினையே விரைவில் விதிக்குப் பணிகிறது. வழக்கினால் வாழும் சொற்களை வழக்கினால் அன்றி, வாய்பாட்டினால் கற்பிக்க முனைவது எவ்வளவு பொருத்தம்?

எமது தமிழ் மட்டும் எளிதா? 'வா' வந்தான் ஆகிறது. 'போ' போனான் ஆகிறது. 'சா' செத்தான் ஆகிறது. த், ட், ற், இன் என இறந்தகால இடைநிலைகள் நான்கினை நன்னூல் கூறுகிறது. அதைப் படித்தா நாம் பேசப் பழகினோம்? தமிழ் கற்கும் சிங்கள அன்பர் ஒருவர் 'நேற்று வாவினேன்' என்றால் புன்னகையோடு திருத்துவோம், பிரம்பு தூக்கமாட்டோம்.

பிழையை விட்டுவிடலாம் என்று நான் சொல்லவில்லை. ஆங்கிலச் செய்தியில் வரும் 'லே' என்ற சொல், 'வை' என்பதன் நிகழ்காலமா, 'கிட' என்பதன் இறந்தகாலமா என்று தெரியாவிட்டால் மொழிபெயர்ப்பு தலைகீழாகும். செய்தி மேசையில் அதனை நன்கு அறிந்தவன் நான். ஆயினும் திருத்தும் வழி வேறு. சிங் சாங், ரிங் ராங் எனவும், மாறாத கட், புட், ஹிட் எனவும் ஓசையால் இனம்பிரித்துக் கொடுக்கலாம். நேற்று நடந்ததைச் சொல்லச் சொல்லலாம். பேசி முடித்தபின் திருத்தலாம்.

சிங்கள இளைஞரிடையே ஆங்கிலத்துக்குக் 'கடுவ' என்றொரு பட்டப்பெயர் உண்டு. வாள் என்பது அதன் பொருள். அந்த வாளுக்குக் கூர் தீட்டுவோர் ஆங்கிலேயர் அல்லர். பிழை கேட்டுச் சிரிக்கும் நாமே. என் நண்பன் இழந்தது ஒரு சொல்லையன்று, ஒரு வாழ்க்கையை. இன்றைய பிள்ளை 'பிரிங்ட்' என்று சொன்னால், தயவுசெய்து சிரிக்காதீர்கள்.