வாயசைப்பதா, வாய்திறந்து பாடுவதா?



பரிசளிப்பு விழா நெருங்கினால் நம் தமிழ்ப்பள்ளிகளில் எழும் முதல் கேள்வி, "இந்த ஆண்டு எந்தப் பாட்டுக்கு ஆடுவது?" என்பதுதான். ஒலிபெருக்கியில் திரைப்பாடல் முழங்கும். பிள்ளைகள் வாயசைத்து ஆடுவார்கள். நாமும் மகிழ்ந்து கைதட்டுவோம்.

நானும் பல ஆண்டுகள் இதைத்தான் செய்தேன். ஒருமுறை ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன், "ஐயா, அந்தப் பாட்டை நானே பாடட்டுமா?" என்று கேட்டான். நல்ல குரல்வளம் உடையவன். "பாட்டுதான் குறுந்தட்டில் இருக்கிறதே" என்று சொல்லி, அவனைத் திரைச்சீலை இழுக்க நிறுத்திவிட்டேன். அதன் பிறகு அவன் என்னிடம் பாடுவதைப் பற்றிப் பேசவே இல்லை.

2018ஆம் ஆண்டு கோலாலம்பூர் இஸ்தானா புடாயாவில் 'ஓலா போலா' இசை நாடகத்தைப் பார்த்தபோது அந்த மாணவன்தான் நினைவுக்கு வந்தான். 2016இல் வெளிவந்து மலேசியர் அனைவரையும் கவர்ந்த திரைப்படத்தைத் தழுவி, தியாரா ஜாக்கலினா இயக்கிய மேடைப் படைப்பு அது. 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கிற்குத் தகுதி பெற்றும், நாடு அப்போட்டியைப் புறக்கணித்ததால் செல்ல இயலாமற்போன நம் காற்பந்துக் குழுவே கதையின் ஊற்று. அதில் வரும் கோல்காவலன் முத்து, 1988இல் சாலை விபத்தில் மறைந்த நம் ஆர். ஆறுமுகத்தை நினைவூட்டும் பாத்திரம்.

திரைப்படத்தில் திடலையும் கூட்டத்தையும் படக்கருவி காட்டிவிடும். மேடைக்குள் காற்பந்துத் திடல் அடங்குமா? அடங்காது. ஆகவே ஆட்டத்தையே பாட்டாகவும் நடனமாகவும் உடலசைவாகவும் மாற்றினார்கள். படத்தை அப்படியே நகலெடுக்காமல், கதையை மட்டும் எடுத்துக்கொண்டு தங்கள் குரலில் சொன்னார்கள். தழுவல் என்பது இதுதான்.

இது நமக்குப் புதிதன்று. சங்கரதாசு சுவாமிகள் 1918இல் மதுரையில் தொடங்கிய பாலர் நாடக சபையில் சிறுவர்களே பாடி நடித்தார்கள். ஒலிப்பதிவை நம்பி மேடையேறியவர் எவருமில்லை.

"பெரிய அரங்கம், பெரும் பொருட்செலவு; நம்மால் ஆகுமா?" என்று சிலர் கேட்கலாம். ஆடம்பரம் நமக்கு வேண்டியதில்லை. பிள்ளைகள் விரும்பும் ஒரு படத்திலிருந்து ஒரே ஒரு காட்சியை எடுப்போம். உரையாடலை அவர்களே எழுதட்டும். பிழையை நாம் திருத்துவோம். தெரிந்த மெட்டுக்கு நான்கு வரிகள் புதிதாகப் புனையட்டும். ஒரு மிருதங்கமோ மேசைத் தாளமோ போதும். பதினைந்து நிமிட நாடகத்தில் கேட்டல், பேச்சு, வாசிப்பு, எழுத்து ஆகிய நான்கு திறன்களும் அடங்கிவிடும். வாயசைப்பில் இவற்றுள் எது வளரும்?

திரைப்பாடல்மீது எனக்குப் பகையில்லை. பிள்ளையின் குரலை அது மூடிவிடுவதே என் வருத்தம். சுருதி விலகலாம், சொல் தடுமாறலாம். ஆயினும் அது நம் பிள்ளையின் தமிழ்.

பெற்றோர்களே, இவ்வாண்டு விழாவில் பளபளக்கும் உடையைத் தேடுவதற்கு முன், "நீ என்ன பாடப்போகிறாய்?" என்று உங்கள் பிள்ளையைக் கேளுங்கள். ஆசிரியர்களே, "நானே பாடட்டுமா?" என்று கேட்கும் பிள்ளையைத் திரைச்சீலைக்குப் பின்னால் நிறுத்தாதீர்கள். நான் செய்த பிழை என்னோடு போகட்டும்.