முதலில் உம்மாவிடம் கேளுங்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக வாசியுங்கள்.

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இரண்டு கிழமையாக ஒரே கப்பல் கதைதான். லண்டனில் இருக்கும் மச்சான் குடும்பத்தோடு வருகிறார். சென்னைக்குப் போய் எல்லோரும் ஒன்றாக உல்லாசக் கப்பலில் ஏறவேண்டும், செலவில் பெரும்பங்கு தன்னுடையது என்கிறார். 2023 ஜூனில் காங்கேசன்துறைக்கு வந்ததே கோர்டேலியா நிறுவனத்தின் எம்பிரஸ், அதுபோன்ற கப்பல். நல்ல மனுசன், நல்ல எண்ணம். அல்லாஹ் அவருக்கு பறக்கத் செய்யட்டும்.

பிரச்சினை அறை பிரிப்பதில் வந்தது. படங்களைப் பார்த்துப் பார்த்து மச்சான் ஒரு பட்டியல் போட்டுவிட்டார். தங்களுக்கு மேல்தளத்தில் பால்கனி அறை. எங்களுக்கு ஜன்னல் அறை. உம்மாவுக்கும் பிள்ளைகளுக்கும் ஜன்னல் இல்லாத உள்ளறை. "மாமி படுக்கத்தானே போறா, அவவுக்கு என்னத்துக்கு ஜன்னல்?" என்று ஒரு குரல்பதிவு. குழுவில் பதினொரு பேர் இருக்கிறோம். பத்துப் பேர் கட்டைவிரலைக் காட்டினோம். வெட்கத்தோடு சொல்கிறோம், அதில் நாங்களும் அடக்கம். உம்மாவிடம் ஒருவரும் கேட்கவில்லை.

அதற்கு அடுத்த சனிக்கிழமை, பிள்ளைகளுக்குக் கடல் பழகட்டும் என்று நெடுந்தீவுக்குப் புறப்பட்டோம். சோளகக் காற்றுக் காலம். குறிகட்டுவான் இறங்குதுறையில் நல்ல சனம். படகில் ஏறியதும் வழக்கம்போல, "வயசானாக்கள், பொம்பிளையள் கீழ போங்கோ" என்று சத்தம் வந்தது. உம்மா இரண்டு படி இறங்கினார். பிறகு நின்றுவிட்டார். பின்னால் நின்றவர்கள் அவசரப்படுத்தினார்கள். உம்மா கைபிடியை விடவில்லை. "எனக்கு வானம் தெரியோணும்" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

உம்மா எருக்கலம்பிட்டிக்காரர். 1990 ஒக்டோபர் கடைசியில் மன்னார்த் தீவு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது, கைக்குழந்தையாக இருந்த எங்களை மடியில் வைத்துக்கொண்டு வள்ளத்தில் கல்பிட்டிக்கு வந்தவர். மழைக்காகப் படங்கு போட்டு மூடியிருந்தார்களாம். கரை எந்தப் பக்கம், எவ்வளவு தூரம் என்று ஒன்றும் தெரியாமல் இருட்டுக்குள் இருந்த அந்தப் பயணத்தைப் பற்றி அவர் அதிகம் பேசியதில்லை. நாங்களும் கேட்டதில்லை. புத்தளத்தில் வளர்ந்து, ஆசிரியர் கலாசாலை முடித்து, நியமனம் கிடைத்து இந்தத் தீவுக்கு வந்து பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறோம். வீட்டில் இருப்பவரை இன்னும் படித்து முடிக்கவில்லை.

ஒரு பெரியவர் எழும்பி, வாசலோரம் தன் இடத்தை உம்மாவுக்குக் கொடுத்தார். நெடுந்தீவுக்காரர். "தங்கச்சி, குமுதினிக்குப் பிறகு எங்கட ஆக்களிலயும் கன பேர் கீழ இறங்கிறேல்ல" என்றார். 1985 மே 15இல் குமுதினிப் படகில் நடந்ததை இங்கே யாருக்கும் விளக்கத் தேவையில்லை. கடலில் மூடிய அறைக்குள் இறங்கத் தயங்கும் ஒரு முதியவரைப் பார்த்துச் சிரிப்பதற்கு முன், அவர் எதைத் தாண்டி வந்தவர் என்று நினைக்கவேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் அறை விஷயத்தை முதலிலிருந்து பார்த்தோம். பார்த்ததில் விளங்கியவற்றை, இதேபோலப் பயணம் யோசிக்கும் குடும்பங்களுக்காக எழுதுகிறோம்.

பிள்ளைகள் ஆடும் சீசோ பலகையை நினையுங்கள். இரண்டு நுனியிலும் இருப்பவர்கள் ஏறி இறங்குவார்கள். நடுவில் கால் வைத்து நிற்பவருக்கு ஆட்டம் குறைவு. கப்பலும் அப்படித்தான். அலையில் முன்பக்கமும் பின்பக்கமும்தான் அதிகம் எழும்பி விழும். அதேபோல, தென்னை ஆடும்போது அடிமரத்தைவிட வட்டுத்தான் கூட ஆடும். ஆகவே மேல்தளம் போகப் போகப் பக்கவாட்டு ஆட்டமும் கூடும். ஆட்டம் குறைந்த இடம் கீழ்த்தளத்தின் நடுப்பகுதி. கூடிய காசு கொடுத்து எடுக்கும் மேல்தள முன்பக்கத்து அறைதான் சத்தி எடுப்பவருக்கு மோசமான அறை. நெடுந்தீவுப் படகில் முன்னுக்கு இருந்து வந்தவர்களுக்கு இதை நாங்கள் சொல்லித் தரத் தேவையில்லை.

அப்படியென்றால் கீழ்த்தளத்து உள்ளறைதானே நல்லது, மச்சான் சொன்னது சரிதானே என்று கேட்பீர்கள். பாதி சரி. தலைசுற்று வருவது ஆட்டத்தால் மட்டும் அல்ல. காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு "ஆடுகிறது" என்கிறது. நான்கு சுவரைப் பார்க்கும் கண் "அசையவில்லை" என்கிறது. இரண்டும் ஒத்துவராதபோதுதான் வயிற்றைப் பிரட்டும். தூரத்துக் கடல்விளிம்பைப் பார்த்தால் கண்ணும் காதும் ஒரே செய்தியைச் சொல்லும். உள்ளறை மலிவு, நித்திரைக்கு நல்ல இருட்டு. இளம் ஆட்கள், பகல் முழுக்க வெளியே திரிபவர்கள் தாராளமாக எடுக்கலாம். ஆனால் அதிக நேரம் அறையிலேயே இருக்கப்போகும் வயதானவரை அதற்குள் போடுவது தலைகீழான கணக்கு. யார் அறையில் கூட நேரம் இருப்பாரோ அவருக்குத்தான் ஜன்னல்.

எங்கள் முடிவு இதுதான்: உம்மாவுக்குக் கீழ்த்தளம், நடுப்பகுதி, ஜன்னல் உள்ள அறை. பெரும்பாலும் இது பால்கனி அறையைவிட மலிவு. எம்பிரஸ் 1990இல் சேவைக்கு வந்த பழைய கப்பல். அதில் பால்கனி அறைகள் குறைவு, உள்ளறைகளும் ஜன்னல் அறைகளும்தான் அதிகம்.

ஜன்னல் என்று சொன்னதும் காசைக் கட்டிவிடாதீர்கள். சில அறைகளின் ஜன்னலுக்கு எதிரே உயிர்காப்புப் படகு தொங்கும். வானமும் தெரியாது, கடலும் தெரியாது. "பார்வை மறைக்கப்பட்ட அறை" என்று சிறிய எழுத்தில் போட்டிருப்பார்கள். கப்பலின் தள வரைபடத்தைக் கேட்டு வாங்குங்கள். எடுக்கும் அறைக்கு மேலும் கீழும் என்ன இருக்கிறது என்று பாருங்கள். மேலேயும் அறை, கீழேயும் அறை என்றால் நல்லது. மேலே நீச்சல்தடாகம் இருந்தால் விடியற்காலையில் கதிரை இழுக்கும் சத்தம் கேட்கும். கீழே பாட்டு மண்டபம் இருந்தால் நடுச்சாமம் வரை அதிரும். முன் நுனியில் நங்கூரச் சங்கிலியின் சத்தம், பின் நுனியில் இயந்திர அதிர்வு. மின்தூக்கிக்கு நாலைந்து கதவு தள்ளி இருந்தால் முழங்கால் வருத்தக்காரருக்கு நடை மிச்சம், ஆள் நடமாட்டச் சத்தமும் குறைவு. மலிவு விலையில், "எந்த அறை என்பதைக் கம்பனி பிறகு சொல்லும்" என்ற ஏற்பாடும் உண்டு. முதியவர்களோடு போகிறவர்கள் அதை எடுக்கவேண்டாம்.

பிள்ளைகளோடு போகிறவர்கள் இடைக்கதவு உள்ள இரண்டு அறைகள் கிடைக்குமா என்று முதலிலேயே கேளுங்கள். நாலு பேர் அறை என்றால் பெரும்பாலும் இரண்டு கட்டில் சுவரிலிருந்து மேலே விரியும். ஏணியில் ஏறவேண்டும். அங்கே உம்மாவை ஏற்றமுடியாது. குழப்படிப் பிள்ளை இருக்கும் வீட்டார் பால்கனி ஆசையை இரண்டு தரம் யோசியுங்கள்.

தொழுகையைப் பற்றியும் ஒரு சொல். கப்பல் திரும்பத் திரும்ப கிப்லாவும் அறைக்குள் இடம் மாறும். இரும்புக் கப்பலுக்குள் அலைபேசித் திசைகாட்டியை நம்பமுடியாது. எங்கள் கடலில் கிப்லா மேற்கிலிருந்து சற்று வடக்கே. கப்பல் எந்தத் திசையில் போகிறது என்று பணியாளரிடம் கேட்டால் சொல்வார்கள். ஜன்னல் இருந்தால் சூரியனைப் பார்த்தும் ஓரளவு கணிக்கலாம். உம்மாவுக்கு இந்தக் காரணமே போதுமாக இருந்தது.

எல்லாவற்றையும்விட முக்கியமானது வெளியேறும் வழி. 2012 ஜனவரியில் இத்தாலிக் கரையோரம் கொஸ்டா கொன்கோர்டியா என்ற பெரிய உல்லாசக் கப்பல் பாறையில் மோதிச் சரிந்து 32 பேர் இறந்தார்கள். அன்று புதிதாக ஏறிய பயணிகளில் பலருக்குப் பாதுகாப்புப் பயிற்சி நடந்திருக்கவில்லை. அதற்குப் பிறகு சர்வதேச விதி மாறியது. இப்போது கப்பல் புறப்படும் முன்போ புறப்பட்ட உடனேயோ பயிற்சி நடக்கவேண்டும். அந்த நேரத்தில் சாப்பாட்டு மண்டபத்தைத் தேடிப் போகாதீர்கள். உங்கள் அறையிலிருந்து ஒன்றுகூடும் இடத்துக்கு, மின்தூக்கி இல்லாமல் படியால், முதியவரோடு ஒருதரம் நடந்து பாருங்கள். அந்த நடை அவருக்கு முடியாது என்றால் அறையை மாற்றிக் கேளுங்கள்.

இனி எங்கள் ஊர்க் கதைக்கு வருவோம். உல்லாசக் கப்பலில் எத்தனை பேர் போவோம்? வாழ்நாளில் ஒருதரம் போனால் பெரிது. ஆனால் குறிகட்டுவானிலிருந்து நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் ஒவ்வொரு நாளும் போகிறோம். அங்கேயும் இதே பழக்கம்தான். பலமானவர்கள் காற்றுப் படும் இடத்தில், வாசலுக்குப் பக்கத்தில். முதியவர்கள், கர்ப்பிணிகள், பிள்ளைகள் கீழே, புகை மணக்கும் மூலையில். "பாதுகாப்பு" என்று சொல்லித்தான் அனுப்புகிறோம். ஆனால் ஏதும் நடந்தால் கடைசியாக வெளியே வரக்கூடியவர்கள் அவர்கள்தான். இது ஒரு படகுக்காரரின் குற்றம் அல்ல. எங்கள் எல்லோருடைய பழக்கம்.

எல்லோரும் மேலே ஏறினால் படகு நிலைகுலையும், பாரம் கீழே இருக்கவேண்டும் என்று படகோட்டிகள் சொல்வார்கள். அது உண்மை. மறுக்கவில்லை. அதற்காகத்தான் சொல்கிறோம், கீழே பாரமாக இருக்க இளைஞர்கள் போகட்டும். நடுப்பகுதியில், வாசலுக்குக் கிட்ட, வெளியே பார்க்கக்கூடிய இருக்கைகளை முதியவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் நோயாளிகளுக்கும் ஒதுக்குவோம். உயிர்காப்பு அங்கி கட்டிவைத்த கட்டிலிருந்து கழன்று அவரவர் கைக்கு வரட்டும். பாடசாலைச் சுற்றுலா போகும்போது, எந்தப் பிள்ளை எந்தப் பக்கம், யாருக்கு நீச்சல் தெரியும், யாருக்குச் சத்தி வரும் என்ற பட்டியலை ஆசிரியர்களான நாங்களே முதல் நாள் தயாரிப்போம். இதற்குக் காசு தேவையில்லை.

மச்சானுக்கு இதையெல்லாம் குரல்பதிவில் சொன்னோம். கோபிப்பார் என்று பயந்தோம். கொஞ்ச நேரம் பதில் இல்லை. பிறகு, "எனக்கு ஒருத்தரும் இதைச் சொல்லேல்லயே" என்றார். தாங்கள் உள்ளறைக்குப் போகிறார்களாம். பால்கனிப் பேச்சு அதோடு நின்றது. பயணமும் கடல் அமைதியாக இருக்கும் மாதத்துக்கு மாறியிருக்கிறது. இன்னும் காசு கட்டவில்லை. உம்மா வருவதாகவும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. "அந்த ஜன்னலின்ட படத்தைக் காட்டு பாப்பம்" என்று மட்டும் கேட்டார். பெரிதாக்கிக் காட்டினோம். கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருப்பார். அறை எடுப்பதற்கு முன், படகில் இடம் பிடிப்பதற்கு முன், முதலில் அவரிடம் கேளுங்கள். குறிகட்டுவான் படகு இருக்கைகள் பற்றி உங்கள் கருத்தைக் கீழே எழுதுங்கள். ஊர்ப் பெரியவர்களும் படகுச் சங்கத்தாரும் வாசிக்கிறார்கள். நாங்கள் சொன்னதில் பிழை இருந்தால் திருத்துங்கள்.

எல்லோருடைய பயணத்தையும் அல்லாஹ் லேசாக்கி வைப்பானாக.