இரவல் வாயும் சொந்த நஞ்சும்

"கருத்து எதுவாயினும் ஆகுக, பேச்சு அருமை!" என்று மெச்சுவோர் நம்மிடையே பலர் உளர். பேச்சுத்திறன் வேறு, பேசப்பட்ட பொருள் வேறு என்பது அவர்கள் கொள்கை. இக்கொள்கை எவ்வளவு ஆபத்தானது என்பதை உணர்த்த ஓர் உரையே போதும். 1968 ஏப்ரல் 20ஆம் திகதி, இங்கிலாந்தின் பேர்மிங்ஹாம் நகரில், பொதுநலவாய நாடுகளிலிருந்து வந்து குடியேறியோருக்கு எதிராக ஈனொக் பவல் நிகழ்த்திய உரையே அது.

கேட்போரை வசப்படுத்தும் வழிகள் மூன்றென வகுத்தார் அரிஸ்டோட்டில்: பேசுவோன் மீது எழும் நம்பிக்கை, கேட்போர் நெஞ்சில் எழும் உணர்ச்சி, பேச்சிலே காட்டப்படும் நியாயம். பவல் கிரேக்க மொழிப் பேராசிரியராக விளங்கியவர், இம்மூன்றையும் அறியாதவரல்லர்.

நம்பிக்கையை அவர் எவ்வாறு ஈட்டினார்? தமது தொகுதியைச் சேர்ந்த சாதாரணத் தொழிலாளி ஒருவர் கூறியதாகத் தொடங்கினார். இன்னும் பதினைந்து, இருபது ஆண்டுகளில் சாட்டை கறுப்பர் கைக்கு மாறிவிடும் என்பது அத்தொழிலாளியின் அச்சமாம். அதனை வெளியிடாதிருக்கத் தமக்கு உரிமையில்லை என்றார் பவல். வெறுப்பைச் சொன்னவர் தொழிலாளி. தலைவரோ அதனை எடுத்துரைத்தவர் மட்டுமே! நேர்மையின் வேடம் இத்துணை மலிவாகக் கிடைக்கின்றது.

உணர்ச்சிக்கு ஒரு மூதாட்டி வந்தார். போரிலே கணவரையும் புதல்வர் இருவரையும் இழந்து, குடியேறியோரால் தம் தெருவிலேயே அல்லலுறுகின்றார் என ஒரு கடிதத்தை வாசித்தார் பவல். அப்பெண்மணியைத் தேடிச் சென்ற பத்திரிகையாளர் அன்று எவரையும் காணவில்லை. நாம் கவனிக்கவேண்டியது பிறிதொன்று. அக்கதையில் வரும் குடியேறியோரின் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் தெரியாதாம். 'இனவெறியர்' என்ற ஒரு சொல் மட்டும் தெரியுமாம். உரை எவரைப் பற்றியதோ, அவர்களுக்கு அங்கே அளிக்கப்பட்ட வாய் அவ்வளவே.

நியாயத்துக்கு எண்கள் வந்தன. குடியேறியோரும் அவர்தம் சந்ததியினரும் 35 இலட்சமாவர் என்றார். பிரித்தானிய மண்ணிலேயே பிறக்கும் குழந்தையும் இக்கணக்கில் அந்நியமே. தொகை பெருகினால் இரத்தம் பெருகும் என்பதை எந்தக் கணக்கும் நிறுவவில்லை. அந்தப் பள்ளத்தைத் தாண்ட, உரோமக் கவி வேர்ஜில் பாடிய தைபர் நதியின் குருதியைத் துணைக்கழைத்தார். அந்த வாயும் இரவலே.

அந்நாளில் பாராளுமன்றத்தின் முன்னிருந்தது, இனத்தைக் காட்டி வீடும் வேலையும் மறுப்பதைத் தடுக்கும் சட்டமூலம். மறுக்கப்பட்டோரை ஒடுக்குவோராக மாற்றிக் காட்டியதே உரையின் 'திறன்'. 1960 முதல் 1963 வரை சுகாதார மந்திரியாக இருந்த பவல், வைத்தியசாலைகளுக்குத் துணைபுரிந்த பொதுநலவாய வைத்தியர்களைக் குறிப்பிட்டார். ஆனால் அவர்கள் குடியேறியோரே அல்லர் என்றார். அவ்வைத்தியசாலைகளில் உழைத்த மேற்கிந்தியத் தாதியர் நினைவுகூரப்படவேயில்லை.

மறுநாளே கட்சித் தலைவர் எட்வேட் ஹீத் அவரை நிழல் மந்திரிசபையினின்றும் நீக்கினார். ஆயினும் 23ஆம் திகதி, ஏறத்தாழ ஆயிரம் லண்டன் துறைமுகத் தொழிலாளர் பவலுக்கு ஆதரவாகப் பாராளுமன்றத்தை நோக்கி நடந்தனர். நம்மை வருத்துவது இதுவே. அவர்களை மூடர் என இகழ்வது நமது சோம்பலின் வெளிப்பாடு. வீட்டுப் பஞ்சமும் வேலை பற்றிய அச்சமும் மெய். ஆனால் அவற்றுக்குப் பொறுப்பானோர் மேடையிலே பெயர் பெறவில்லை; அயல்வீட்டான் பெயர் பெற்றான். தொழிலாளியின் துன்பத்தை அவன் மொழியில் நாம் பேசாதவிடத்து, அவன் வாயை இன்னொருவன் இரவல் வாங்குகின்றான்.

வகுப்பறையிலே உவமையையும் உருவகத்தையும் செய்யுளில் தேடக் கற்பிக்கின்றோம். மேடைப்பேச்சிலே தேடக் கற்பிப்பதில்லை. "மக்கள் சொல்கின்றார்கள்" என்று தொடங்கும் பேச்சுக்கு நம் நாட்டிலும் குறைவில்லை. எந்த மக்கள்? எவருக்கு வாய் மறுக்கப்பட்டது? காட்டிய எண்ணுக்கும் கேட்கும் முடிவுக்கும் இடையிலுள்ள பள்ளத்தை நிரப்புவது எது? கைதட்டுவதற்கு முன் இம்மூன்றையும் கேட்க மாணவரைப் பழக்குவோம். நாமும் பழகுவோம்.