தலைவர்க்கும் செக்ரோல் வேண்டும்

பிரட்டில் நின்றுவிட்டு வெட்டுக்குப் போகாதவனுக்கு எந்தக் கிராணியும் பேர் போடுவதில்லை. தலைவர் என்றால் மட்டும் மாலை போட்டுக் கணக்கை மூடிவிடுகிறோம்.

துன் சம்பந்தனையே எடுத்துக்கொள்வோம். தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தொழிலாளர் தெருவில் நின்ற காலத்தில், 1960இல், தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பங்கு சேர்க்கத் தோட்டந்தோட்டமாக அலைந்தார். அதற்கு முழுப் பேர் போடலாம், தாராளமாக! ஆயினும், நிலம் வாங்கிய பணம் யாருடையது? பால்மரம் வெட்டிய நம் தாத்தா பாட்டிமார் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டியதல்லவா? 'அவர் கொடுத்தார்' என்று கைகூப்புவது அவர்கள் வியர்வையை மறைப்பதாகும்.

1969இல் குடியுரிமை இல்லாதோர்க்கு வேலைப் பெர்மிட் கட்டாயமாயிற்று. பல்லாயிரவர் பால்வாளியை இறக்கி வைத்துவிட்டுக் கப்பலேறினர். அப்போதும் அவர் அமைச்சரே. அந்த நாளுக்கு நேரே என்ன எழுதுவது? கேட்டால் நன்றி கெட்டவன் என்கிறார்கள். கணக்குப் பார்ப்பது நன்றிகேடா?

படத்துக்கு மாலை போடுவோர் போடட்டும். இனி வாக்குக் கேட்டு வருபவர் எக்கட்சியாயினும், பதவியிலிருந்த ஆண்டுகளில் தோட்டத் தொழிலாளர்க்கு எத்தனை சொந்த வீடு கட்டித் தந்தார் என்று கிளைக் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள்.