குடித்தபின் வண்டிச் சாவி எதற்கு?

தொழிலாளத் தோழர்களே! 1941ஆம் ஆண்டு கிள்ளான் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் அவர்கள் கோரிக்கைகளில் ஒன்று. குடியின் கேடு குடும்பத்தைத்தான் தாக்கும் என்பதை அவர்கள் அன்றே உணர்ந்திருந்தார்கள்.

இன்று நாம் என்ன செய்கிறோம்? பிரிக்பீல்ட்ஸில் விருந்து முடிகிறது. கிள்ளானுக்குக் கடைசி ரயிலும் போய்விடுகிறது. உடனே தள்ளாடியபடி மோட்டார் சைக்கிளில் ஏறுகிறோம். 2020 அக்டோபர் முதல் சட்டம் கடுமையாகிவிட்டது. அளவுக்கு மேல் குடித்து ஓட்டினால், முதல் குற்றத்துக்கே குறைந்தது 10,000 வெள்ளி அபராதம், சிறையும் உண்டு. பிறர் உயிர் போனால் குறைந்தது 10 ஆண்டுச் சிறை. பால்மரம் வெட்டும் குடும்பம் இதைத் தாங்குமா?

நள்ளிரவில் கிராப் வண்டிக்குக் கட்டணம் கூடும் என்பது உண்மையே. நால்வர் சேர்ந்தால் அந்தப் பாரம் குறையும். சங்கக் கிளைகள் விருந்து வைக்கும்போது, சாப்பாட்டுப் பணத்தோடு வேன் வாடகையையும் முன்கூட்டியே வசூலிக்க வேண்டும். தனியே போகிறவர்களும் முதல் கிளாசுக்கு முன்பே, திரும்பும் கூலியையும் வண்டிச் சாவியையும் குடிக்காத ஒருவரிடம் ஒப்படைக்க வேண்டும். போதை ஏறியபின் எவருக்கும் கணக்கு வராது.

குடியாதிருப்பதே நன்று. குடித்தவர், கிராணியாயினும் தொழிலாளியாயினும், வண்டியைத் தொடலாகாது. மறுநாள் காலைப் பெரட்டில் ஒரு பெயரும் குறையக் கூடாது!